நூற்றுக்கு எத்தனை? எந்த நூற்றுக்கு?

சதவிகிதம் என்பது நாம் பள்ளியிலேயே கற்று முடித்த பாடம். ஆயினும் பொதுச் சுகாதாரப் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது அதே சதவிகிதம் நம்மை எளிதில் ஏமாற்றிவிடுகிறது. நான் ஏமாந்த கதையையே இங்குப் பாடமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடி. கொய்யாவுக்குப் பெயர் பெற்றது. மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒரு நாள், தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றிலிருந்து (2019–21) தமிழ்நாட்டைப் பற்றிய இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். அறுவை சிகிச்சை மூலம் நடந்த பிரசவங்கள் தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவிகிதம், அரசு மருத்துவமனைகளில் 36.0 சதவிகிதம். "மாநிலம் முழுவதற்கும் எவ்வளவு?" என்று கேட்டு, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, 49.9 என்று நானே விடையும் எழுதினேன்.

ஆய்வறிக்கையின் தாளைக் கையில் வைத்திருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, "அண்ணா, இதில் 44.9 என்றல்லவா போட்டிருக்கிறது?" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிழை எங்கே? கொய்யாக் கூடையைக் கொண்டு விளக்கினேன். ஒரு கூடையில் 100 காய். அதில் 64 பழுத்தவை. மற்றொன்றில் 200 காய். அதில் 72 பழுத்தவை, அதாவது நூற்றுக்கு 36. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் 300இல் 136. நூற்றுக்குச் சுமார் 45. பெரிய கூடை விடையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடந்துள்ளன. ஆகவே, மேற்கண்ட மூன்று எண்களைக் கொண்டே, சுமார் மூன்றில் ஒரு பங்கு பிரசவமே தனியாரிடம் நடந்தது என்று கணக்கிட்டு அறியலாம்.

அடுத்து வரைபடம். முந்தைய சுற்றில் (2015–16) மாநில அளவு 34.1. இரண்டு சுற்றுகளுக்கும் பட்டை வரையச் சொன்னேன். ஒரு மாணவன் இடம் போதாதென்று செங்குத்து அச்சை 30இல் தொடங்கினான். இரண்டாம் பட்டை முதல் பட்டையைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்து நின்றது! சுழியத்தில் தொடங்கி வரைந்தபோது உண்மை உயரம் தெரிந்தது. உயர்வு 10.8 புள்ளிகள், பழைய அளவோடு ஒப்பிட்டால் சுமார் 32 சதவிகிதம். இரண்டும் சரியே. எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பாடம் முடிந்தும் அந்த மாணவி போகவில்லை. அவள் அக்காவுக்கு ஏழாம் மாதம். "அப்படியென்றால் அக்காவுக்கும் பாதிக்குப் பாதி ஆபரேஷன்தானா அண்ணா? வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறது பாட்டி" என்றாள்.

அப்போதுதான் என் பொறுப்பு எனக்குப் புரிந்தது. 44.9 என்பது பலதரப்பட்ட தாய்மார்களின் தொகுப்பு. அதில் உயிர் காத்த அறுவையும் உண்டு, தவிர்த்திருக்கக்கூடியதும் இருக்கலாம். அந்த எண் அவற்றைப் பிரித்துக் காட்டாது. ஒரு தாயின் நிலையையும் சொல்லாது. 2015இல் உலக சுகாதார நிறுவனம், ஒரு நாட்டளவில் 10 சதவிகிதத்துக்கு மேல் அறுவை கூடுவதால் தாய்சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்றது. அதே அறிக்கையில், குறிப்பிட்ட சதவிகிதத்தை எட்டுவதைவிடத் தேவைப்படும் பெண்ணுக்கு அறுவை கிடைக்கச் செய்வதே முக்கியம் என்றும் கூறியது. "இந்த எண்ணுக்குப் பயந்து வீட்டில் இருந்துவிட வேண்டாம். மருத்துவரிடம் போய், அறுவை என்றால் ஏன் என்று கேட்கச் சொல்" என்று சொல்லியனுப்பினேன். மறுவாரம் அக்கா பரிசோதனைக்குச் சென்று வந்ததாக அறிந்து நிம்மதியடைந்தேன்.

நண்பர்களே, நம் வீடுகளில் பலருக்கும் புள்ளிவிவரத்தைப் படித்துச் சொல்பவர்கள் நாம்தான். எனவே ஒரு சதவிகிதத்தைக் கண்டால், எந்த நூறு, எந்த ஆண்டு, அச்சு எங்கே தொடங்குகிறது, அந்த எண் எதைச் சொல்லவில்லை என்னும் நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பிறகு வாய் திறப்போம்.