கல்லுக்குள்ள தங்கம் இருக்கு, சரி. எடுக்க என்ன செலவு?



பெண்ணாடத்துல தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் போன வாரம் ஒரு கல்லைக் கொண்டுவந்து காட்டினார். மஞ்சள் நிறம், நல்ல பளபளப்பு. "தம்பி, இதுல தங்கம் இருக்காம். சுரங்கத்துல பங்கு தர்றாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருக்கிற 2 லட்சத்தைப் போடலாமா?"

முதல்ல கல்லைப் பார்ப்போம்

வெள்ளை டைல்ஸோட வழவழப்பு இல்லாத பின்பக்கத்துல தேய்ச்சோம். தங்கம்னா மஞ்சள் கோடு விழும். இதுல பச்சை கலந்த கறுப்புக் கோடு. அப்போ இது பைரைட்டாத்தான் இருக்கணும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்.

ஆனா "இதுல தங்கமே இருக்காது"ன்னும் சொல்லிட முடியாது. எரிமலைப் பகுதிகள்ல பூமிக்கடியில இருக்கிற சுடுநீர், கந்தகத்தோட துணையால தங்கத்தைக் கரைச்சு, பாறை வெடிப்புகள் வழியா மேலே கொண்டுவரும். அந்தக் கந்தகம் பாறையில உள்ள இரும்போட சேர்ந்தா பைரைட் உருவாகும். கரைச்சு வச்சிருந்த கந்தகம் குறைஞ்சதும் தங்கம் தண்ணில நிக்காது; பைரைட்டுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத அளவுல அடைபட்டுடும்.

பப்புவா நியூ கினியாவோட லிஹிர் தீவுல, பழைய எரிமலை வாய்க்குள்ள இருக்கிற சுரங்கத்துல இப்படித்தான் தங்கம் கிடைக்குது. ஆனா அதைப் பிரிக்க, தாதுவை அரைச்சு, அதிக வெப்பத்துலயும் அழுத்தத்துலயும் ஆக்சிஜன் செலுத்தி பைரைட்டை உடைக்கணும். அப்புறம்தான் சயனைடு. பெரிய ஆலை இல்லாம முடியாது.

இப்போ கணக்கு

டன்னுக்கு 5 கிராம் தங்கம்னு வைங்க. ஒரு கிலோ கல்லுல 5 மில்லிகிராம். கிராம் 10,000 ரூபாய்னா, மதிப்பு 50 ரூபாய்! போட்ட 2 லட்சம் திரும்பி வரவே 20 கிராம் வேணும். அதாவது 4 டன் கல்லு, துளி வீணாகாம, செலவே இல்லாம!

கோலார் தங்கவயலை நினைச்சுப் பாருங்க. தலைமுறை தலைமுறையா தமிழ்க் குடும்பங்கள் உழைச்ச இடம். பூமிக்குள்ள 3 கிலோமீட்டருக்கும் மேல தோண்டினாங்க. 2001 பிப்ரவரி 28-ல மூடினப்போ தங்கம் முழுசா தீர்ந்துடல. எடுக்கிற செலவு, விக்கிற விலையைத் தாண்டிடுச்சு. பூமியில இருக்கிறது வேற, லாபமா வெளியே வர்றது வேற.

பணம் கேட்டா இந்த 3 கேள்வி கேளுங்க

1. அரசு தந்த சுரங்கக் குத்தகை இருக்கா? நிலம் சொந்தம்னா மட்டும் போதாது.
2. பல இடங்கள்ல துளை போட்டு எடுத்த மாதிரிகளோட ஆய்வக அறிக்கை எங்கே? ஒரு கல்லு ஆதாரம் ஆகாது.
3. தங்கத்தை எப்படிப் பிரிப்பீங்க, கிராமுக்கு என்ன செலவு?

அண்ணன் இதையே போய்க் கேட்டார். ஒண்ணுக்கும் பதில் வரல. பணம் பேங்க்லயே இருக்கு.

கல்யாணத்துக்குத் தங்கம் வேணும்னா ஹால்மார்க் நகையா வாங்குங்க. அதுல இருக்கிற 6 இலக்க ஹெச்.யூ.ஐ.டி.யை பி.ஐ.எஸ். கேர் ஆப்ல சரிபாருங்க.