ராக்கெட் மோட்டாரில் ஒரு விரிசல் என்ன செய்யும்?

ஒரே எடையுள்ள இரண்டு வெல்லக் கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முழுதாகவும், மற்றொன்றைத் துண்டு துண்டாக உடைத்தும் இரண்டு குவளை நீரில் போடுங்கள். உடைத்த வெல்லமே முதலில் கரையும். எடை மாறவில்லை, நீர் படும் பரப்பு மிகுந்துவிட்டது. அதுவே காரணம். நெய்க்காரப்பட்டி மாணவரும் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய இச்சோதனையில், திட எரிபொருள் ராக்கெட்டின் அடிப்படை அடங்கியிருக்கிறது.

உறுப்புகள்

மோட்டாரின் உறை ஓர் உலோகக் குழாய். அதனுள் நடுவே துளையுள்ள எரிபொருள் உருளைகள் அடுக்கப்படுகின்றன. குழாயின் மேல்முனை மூடப்பட்டிருக்கும். கீழ்முனையில் குறுகிய வாயுடைய 'நாசில்' உண்டு. சூடான வாயு அதன் வழியே கீழ்நோக்கிப் பாய, ராக்கெட் மேலே செல்கிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி.

உருளை எரிய எரிய நடுத்துளை அகலும். எரியும் பரப்பு கூடும். அதே வேளையில் இரு முனைகளும் எரிந்து நீளம் குறையும், பரப்பு சுருங்கும். ஒன்றை மற்றொன்று ஈடு செய்வதால் உந்துவிசை ஏறக்குறைய சீராக இருக்கும்.

உறையின் வலிமை

1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாரான ஹைதர் அலி, பின்னர் மைசூரை ஆண்டபோது, அவருடைய படை இரும்புக் குழாய் ராக்கெட்டுகளைப் பயன்படுத்தியது. காகித உறையைவிட இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். ஆகவே அவை அதிகத் தொலைவு சென்றன.

தேர்வு ஏவுதல்

அமெரிக்கா போன்ற நாடுகளில் பொழுதுபோக்காகப் பெரிய ராக்கெட் விட விரும்புவோர், 18 வயது நிரம்பியபின் தேர்வு ஏவுதலில் தேறிச் சான்று பெறவேண்டும். ராக்கெட் நேராக ஏறி, பாராசூட்டில் சேதமின்றி இறங்கவேண்டும். முதல் நிலைக்கு எச் அல்லது ஐ வகை மோட்டார். எச் வகையின் மொத்தக் கணத்தாக்கு 160க்கு மேல் 320 நியூட்டன்-வினாடி வரை. ஒவ்வொரு அடுத்த எழுத்துக்கும் இந்த எல்லை இருமடங்காகும்.

ஒரு கணக்கு: சராசரி உந்துவிசை 200 நியூட்டன், எரியும் நேரம் 1.5 வினாடி. கணத்தாக்கு = 200 × 1.5 = 300 நியூட்டன்-வினாடி. எனவே இது எச் வகை.

தொழிற்சாலையில் செய்த எரிபொருள் உருளைகளையே அவர்கள் வாங்கிப் பொருத்துகின்றனர். ஒவ்வோர் உருளையிலும் விரிசல் உண்டா என்று முதலில் பார்ப்பார்கள். விரிசலுக்குள்ளும் தீ புகும்; உடைத்த வெல்லம்போல் பரப்பு திடீரெனப் பெருகும். நாசில் வழியே வெளியேற முடியாத வாயு உறையையே வெடிக்கச் செய்யும்.

அடுத்து, இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களை ஆராய்வார்கள். 1986 ஜனவரி 28 அன்று, கடுங்குளிரில் இத்தகைய வளையம் நெகிழ்ச்சி இழந்ததால், சாலஞ்சர் விண்ணோடம் 73 வினாடிகளில் சிதைந்து 7 பேர் உயிரிழந்தனர். பற்றவைக்கும் மின்திரியை ஏவுமேடையில் கடைசியாகத்தான் செருகுவர். பின்னர் ஏறத்தாழ 30 மீட்டர் விலகி நின்று பொத்தானை அழுத்துவர்.

நம் பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்திலும் திட எரிபொருளே. அளவு சுமார் 138 டன். அளவு வேறு, விதி ஒன்றே.

மாணவர்களே, பட்டாசு மருந்தைப் பிரித்தோ கலந்தோ மோட்டார் செய்ய ஒருபோதும் முயலாதீர்கள். ஊதிய பலூனை நூலில் ஓடவிட்டாலே மூன்றாம் விதி விளங்கிவிடும்.

சிந்திக்க: நாசிலின் வாய் பாதி அடைபட்டால் உறைக்குள் அழுத்தம் என்னவாகும்?