வடக்கே போனால் வழி குறையுமா?

2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி, வட துருவத்தின் வழியாகப் பறந்து பெங்களூரில் வந்து இறங்கியது. அதை ஓட்டிய விமானிகள் அனைவரும் பெண்களே. தெற்கே இருக்கும் பெங்களூருக்கு வர, வடக்கே ஏன் போக வேண்டும்? பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் இதற்கு விடை இல்லை. உலக உருண்டையில் இருக்கிறது.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். நார்வேயின் வடகோடியில் ஹாமர்ஃபெஸ்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. அலாஸ்காவின் வடகோடியில் உள்ள ஊர் உத்கியாக்விக். 2016 வரை அதன் பெயர் பாரோ. இரண்டும் ஏறக்குறைய 71 பாகை வட அட்சரேகையில் உள்ளன. அவற்றின் தீர்க்கரேகைகளுக்கு இடையே ஏறத்தாழ 180 பாகை வித்தியாசம். அதாவது, துருவத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, நேர் எதிர்ப்பக்கம் மற்றொன்று.

முதல் வழி, அட்சரேகையை ஒட்டியே செல்வது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன அல்லவா? பாப்பிரெட்டிப்பட்டியில் (12 பாகை) ஒரு பாகைத் தீர்க்கரேகையின் அகலம் சுமார் 109 கி.மீ. 71 பாகையில் அது 111 × கொசைன் 71, அதாவது 36 கி.மீ. தான். ஆகவே தூரம் 180 × 36 = 6,480 கி.மீ.

இரண்டாம் வழி, துருவத்தைக் கடந்து செல்வது. ஹாமர்ஃபெஸ்டிலிருந்து துருவம் 19.3 பாகை, அங்கிருந்து உத்கியாக்விக் 18.7 பாகை. மொத்தம் 38 பாகை. வடக்கு தெற்காக ஒரு பாகை 111 கி.மீ. எனவே 38 × 111 = 4,218 கி.மீ. மிச்சம் 2,262 கி.மீ.! விமானி திரும்பவே வேண்டாம். துருவத்தைத் தாண்டியதும் வடக்கு நோக்கிய பயணம் தானாகவே தெற்கு நோக்கியதாகிவிடும். உருண்டையின் மையத்தை மையமாகக் கொண்ட இத்தகைய வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். அதன் வழியே செல்வதே மிகக் குறுகிய பாதை.

அந்த 111 கி.மீ. எப்படிக் கிடைத்தது? பூமியை அளந்துதான். லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பணி, 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிக் குமரிமுனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை நீண்டது. அந்த ரேகை பாப்பிரெட்டிப்பட்டிக்குச் சுமார் 40 கி.மீ. மேற்கே செல்கிறது. ஐரோப்பாவில் 1816 முதல் 1855 வரை ஸ்ட்ரூவ அளந்த மற்றொரு வில்லின் வடமுனை எது தெரியுமா? அதே ஹாமர்ஃபெஸ்ட்!

செய்து பாருங்கள்: உலக உருண்டையில் சான்பிரான்சிஸ்கோவையும் பெங்களூரையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்து இணையுங்கள். நூல் எங்கே போகிறது? பிறகு, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வட துருவம் எத்தனை கி.மீ. என்று கணக்கிடுங்கள். (விடை: 78 × 111 = 8,658 கி.மீ.)