எந்த நாயின் குணம் எங்களுக்கு ஒத்துவரும்?

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். எட்டு வயது மகளும் வயதான மாமியாரும் இருக்கிறார்கள். லாப்ரடார், ராஜபாளையம், சிப்பிப்பாறை மூன்றில் எதை வளர்க்கலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒவ்வோர் இனமும் எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டதோ, அதன் சாயல் குணத்தில் இருக்கும்.

லாப்ரடார், வேட்டைக்காரர் சுட்ட பறவையை எடுத்து வந்து கொடுத்த இனம். மனிதரோடு சேர்ந்து வேலை செய்து பழகியதால் குழந்தைகளோடும் புதியவர்களோடும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இளம் வயதில் துள்ளல் அதிகம்; பாசத்தில் பாய்ந்து மாமியாரைத் தள்ளிவிடக்கூடும். தினமும் நன்றாக நடக்க வேண்டும். இல்லாவிட்டால் உடல் பருத்து மூட்டு கெடும். வெயிலும் தாங்காது.

ராஜபாளையம் காவலுக்குப் பெயர் பெற்றது. வீட்டாரிடம் உயிரை வைக்கும், அந்நியரை நம்பாது. ஆட்கள் வந்துபோகும் மாடிக் குடியிருப்பு அதற்குச் சிரமம். தோட்டமும் அனுபவமும் உள்ளவர்களுக்கே ஏற்றது. சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதால், வாங்குவோர் பரிசோதித்து வாங்க வேண்டும்.

சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு ஓடிய நாய். வீட்டுக்குள் அமைதியானது, கூச்ச சுபாவம். ஆனால் ஓட இடம் வேண்டும். பூனையைக் கண்டால் துரத்தும்.

மூன்றில் உங்களுக்கு லாப்ரடாரே பொருந்தும், காலை மாலை அழைத்துச் செல்ல ஆள் இருந்தால். இல்லையென்றால், காப்பகத்தில் உள்ள, வளர்ந்த நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுங்கள். குட்டியின் குணத்தை ஊகிக்கத்தான் முடியும். வளர்ந்த நாயின் குணத்தை நேரில் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். மகளையும் மாமியாரையும் உடன் அழைத்துச் சென்று, அவர்களிடம் அது எப்படிப் பழகுகிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.