டிராக்டரில் கூடுதல் விளக்கு: மின் இணைப்புப் படத்தைப் படிப்பது எப்படி?

மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் தஞ்சைப் பகுதியில் சேற்றுழவு இரவிலும் நடக்கும். பின்பக்க வெளிச்சத்திற்காகச் சிலர் முன்விளக்கு சுவிட்சிலிருந்தே ஒயர் இழுத்து விளக்கு மாட்டிவிடுகின்றனர். இது தவறு. 55 வாட் விளக்கு இரண்டுக்கு 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல். வீட்டில் 100 வாட் பல்பு அரை ஆம்பியர்கூட எடுப்பதில்லை. எனவே வீட்டுக் கணக்கு இங்கு உதவாது. சுவிட்ச் உருகும், ஒயர் எரியும். வைக்கோல் ஏற்றும் வண்டியில் இதைச் சொல்லவும் வேண்டுமா?

கையேட்டில் உள்ள மின் இணைப்புப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடுதான் ஒயர். கோடுகள் சேருமிடத்தில் புள்ளி இருந்தால் அங்கே இணைப்பு உண்டு; புள்ளியின்றிக் குறுக்கிட்டால், ஒரு வாய்க்காலின் அடியில் மற்றொன்று குழாய் வழியே கடப்பது போலத்தான். சுவிட்ச் மதகு, எர்த் வடிகால்.

அதிக மின்சாரத்தை ரிலே வழியாகவே விட வேண்டும். அதன் கால்களில் எண்கள் இருக்கும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து 15 ஆம்பியர் பியூஸ் வழியே 30-க்கு, 87-லிருந்து விளக்குகளுக்கு. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரிலிருந்து புதிய சுவிட்ச் வழியாக 86-க்கு, 85 எர்த்துக்கு. பியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும்; அதற்கு முன்னுள்ள ஒயருக்குக் காவல் கிடையாது. விளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள். முடித்தபின் பத்து நிமிடம் எரியவிட்டு ஒயரைத் தொட்டுப் பாருங்கள். சூடேறியிருந்தால் இணைப்பு தளர்வாக இருக்கும், அல்லது ஒயர் மெலிதாக இருக்கும்.