பேசாமல் இருந்தால் சம்மதமா?



நம்ம குழுக் கூட்டத்தில் ஊக்குநர் "யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்று கேட்பாங்க. யாரும் வாய் திறக்கலைன்னா "அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியாச்சு. ஆனா சும்மா இருந்தவங்க எல்லாருக்கும் சம்மதமா? கடைசியில் உட்கார்ந்த அக்காவுக்கு காதில் விழுந்திருக்காது. ஒருத்திக்கு விஷயமே புரிஞ்சிருக்காது. இன்னொருத்தி அடுப்பில் வைத்துவிட்டு வந்த பாலை நினைச்சுக்கிட்டு இருந்திருப்பா.

உறுப்பு தானத்திலும் இதே கேள்வி இருக்கு. சில நாடுகளில், "எனக்கு வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்காத எல்லாரும், இறந்த பிறகு உறுப்பு கொடுக்கச் சம்மதித்தவர்கள் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. இதற்கு அனுமானச் சம்மதம் என்று பெயர்.

சிங்கப்பூரில் இப்படி ஒரு சட்டம் 1987-ல் வந்தது. முதலில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும்தான். 2004-ல் ஈரல், இதயம், கண்ணின் கருவிழி எல்லாம் சேர்ந்தது. எந்தக் காரணத்தால் இறந்தாலும் பொருந்தும் என்றும் ஆனது. தொடக்கத்தில் விலக்கு பெற்றிருந்த முஸ்லிம்களையும் 2008-ல் சேர்த்தார்கள். 21 வயது நிறைந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இது பொருந்தும். வேண்டாம் என்பவர் படிவம் நிரப்பித் தரலாம். ஆனால் நாளைக்கு அவருக்கே உறுப்பு தேவைப்பட்டால், காத்திருப்போர் வரிசையில் பின்னுக்குப் போய்விடுவார்.

மகனையோ வீட்டுக்காரரையோ அங்கே வேலைக்கு அனுப்பியிருக்கும் சகோதரிகள் பயப்பட வேண்டாம். வேலை பர்மிட்டில் போனவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ஏன் இப்படி ஒரு சட்டம் போடுறாங்க? டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை பஸ் ஏறுகிற ஆள் நம்ம ஊரிலேயே இருந்தால் உங்களுக்கே தெரியும். உறுப்பு கிடைக்காமலே காத்திருந்து போய்ச் சேருகிறவர்கள் உண்டு. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனா 2007-ல் சிங்கப்பூரில் நடந்ததையும் கேளுங்க. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று மருத்துவர்கள் முன்னால் மண்டியிட்டு அழுதது. ஒரு நாள் பொறுத்தார்கள். அதன் பிறகு சட்டப்படி உறுப்புகளை எடுத்தார்கள். சட்டம் மீறப்படவில்லை. அந்த வீட்டாரின் மனசு?

ஸ்பெயின் நாட்டிலும் 1979 முதல் இதே மாதிரிச் சட்டம்தான். உறுப்பு தானத்தில் உலகிலேயே முன்னணியில் இருக்கும் நாடு அது. இருந்தும் நடைமுறையில் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. உட்கார்ந்து பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்கள் மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். அந்த வெற்றிக்குச் சட்டத்தைவிட இந்தப் பேச்சும் ஏற்பாடும்தான் காரணம் என்று அதை நடத்தியவர்களே சொல்கிறார்கள். பிரேசிலில் 1997-ல் அவசரமாகச் சட்டம் போட்டு, மக்கள் பயந்து மறுப்பு எழுதப் போனதால் அடுத்த வருஷமே திரும்பப் பெற்றார்கள்.

நம்ம நாட்டில் 1994-ஆம் வருஷச் சட்டப்படி சும்மா இருப்பது சம்மதம் ஆகாது. குடும்பத்தைக் கேட்க வேண்டும். மூளைச்சாவு என்று ஒரு டாக்டர் மட்டும் சொன்னால் போதாது. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். இங்கேதான் குழப்பம் வரும். வென்டிலேட்டரில் இருப்பதால் நெஞ்சு ஏறி இறங்கும், உடம்பு சூடாக இருக்கும். "உயிர் இருக்கே" என்றுதான் தோன்றும். கோமா வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவில் இருப்பவர் மீளலாம். மூளைச்சாவு என்பது மரணமேதான்.

கையெழுத்து யார் போடுவது? சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினரில் மனைவி, தாய், மகள் எல்லாரும் உண்டு. மச்சினரும் பெரியப்பாவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனா ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆம்பளைங்க கூடிப் பேசி முடித்துவிட்டு, கடைசியில் பேனாவை மட்டும் நம்ம கையில் கொடுப்பாங்க. புரியும் வரை கேளுங்க. சரி என்றும் சொல்லலாம், முடியாது என்றும் சொல்லலாம். முடியாது என்றால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தானம் கொடுத்தவர் உடலுக்கு 2023 செப்டம்பரிலிருந்து தமிழக அரசு மரியாதை செய்கிறது.

ஒன்று மறந்துடாதீங்க. கடனை அடைக்க கிட்னி கொடு என்று வருகிற தரகர் பேசுவது தானம் இல்லை. விற்பதும் வாங்குவதும் அதே சட்டப்படி குற்றம். அப்படி யாராவது வந்தால் கூட்டமைப்புக்குச் சொல்லுங்க.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, ஒவ்வொருவரும் தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லுங்க. வேண்டாம் என்று சொல்பவரை யாரும் கேலி செய்யக்கூடாது. வீட்டுக்குப் போய் அவரிடமும் பிள்ளைகளிடமும் கேளுங்க: "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன செய்வீங்க? உங்களுக்கு ஆச்சுன்னா நான் என்ன சொல்லணும்?"