என்ஜினில் காற்றுக் கசிவு: மலைக்கு வண்டி எடுக்கும் முன்



நமதூரில் கார் வைத்திருக்கும் குடும்பம் மலைக்குப் போகாமல் இருக்க முடியாது. குன்னூரில் நிக்காஹ், கோத்தகிரியில் சம்பந்தி வீடு, ஊட்டியில் மய்யித்து என்று ஏதாவது ஒரு காரியத்துக்குக் கல்லாறு தாண்டி ஏறத்தான் வேண்டியிருக்கிறது. பலரிடம் இருப்பவை பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார்கள். அந்த வயதில் தலைகாட்டும் ஒரு கோளாறைப் பற்றி இம்மாதம் எழுதுகிறோம். பட்டறைகளில் அதை ‘வாக்குவம் லீக்’ என்பார்கள். காரமடை ரோட்டில் அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். பர்லியாறு இறக்கத்தில் அதே கோளாறு உயிரோடு விளையாடும்.

முதலில் வாக்குவம் என்றால் என்ன என்று பார்ப்போம். பெட்ரோல் என்ஜின் ஓடும்போது காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரில் காலை வைக்காதபோது, காற்று போகும் வழியில் உள்ள திராட்டில் என்ற சிறு கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பிஸ்டன்கள் இழுப்பதால், இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் வெளியில் இருப்பதைவிட வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்தக் குறைவைத்தான் வாக்குவம் என்கிறோம். நல்ல நிலையில் உள்ள என்ஜின் ஐடிலில் நிற்கும்போது, கடல் மட்டத்தில் வாக்குவம் கேஜ் பாதரச அளவில் சுமார் 18 முதல் 22 அங்குலம் காட்டும்.

இந்த மேனிஃபோல்டிலிருந்து பல ரப்பர் ஹோஸ்கள் கிளம்புகின்றன. என்ஜின் சூட்டிலேயே வருடக்கணக்கில் கிடப்பதால் அவை விறைத்து, முனையில் வெடிப்பு விடும். மேனிஃபோல்டு கேஸ்கெட் இற்றுப்போகலாம். எலி கடித்திருக்கலாம், மழைக்காலத்தில் வீட்டோரம் நிறுத்தும் வண்டிகளில் இது நிறையவே நடக்கிறது. பெட்ரோல் வண்டியில் பின்னால் கேஸ் கிட் போட்டிருந்தால் கூடுதல் இணைப்புகள் வந்திருக்கும், கசிய இடமும் கூடியிருக்கும். எந்த வழியாக நுழைந்தாலும் அது கணக்கில் வராத காற்று. பெட்ரோல் ஒரு கணக்கில் வருகிறது, காற்று வேறு கணக்கில் வருகிறது. ஐடிலில் என்ஜின் ஏறி இறங்கித் துடிக்கும், அல்லது காரணமில்லாமல் ரேஸாகவே நிற்கும். மிஸ்ஸிங் வரும். சிக்னலில் நிற்கும்போது ஆஃப் ஆகும். பானட்டைத் திறந்தால் ‘உஸ்’ என்ற சத்தம் கேட்கலாம். செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி 0171 என்ற குறியீடு வந்தால், பெட்ரோல் விகிதம் குறைவாக இருக்கிறது என்று பொருள். உடனே சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. சென்சாருக்குப் பணம் கொடுக்கும் முன் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐடில் ஸ்குரூவைத் திருகித் துடிப்பை அடக்கிக் கொடுப்பதும் வைத்தியமாகாது. சத்தம்தான் அடங்கும், கசிவு அப்படியே இருக்கும்.

இனி பிரேக்குக்கு வருவோம். மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஹோஸ்களில் தடிமனான ஒன்று, டிரைவருக்கு எதிரே என்ஜின் அறைச் சுவரில் இருக்கும் கறுப்பு வட்டப் பெட்டிக்குப் போகும். அதுதான் பிரேக் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் திரை. நாம் பெடலை மிதிக்கும்போது திரையின் ஒரு பக்கம் வெளிக்காற்று நுழையும், மறுபக்கம் வாக்குவம் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் காலோடு சேர்ந்து தள்ளுகிறது. ஒரு டன் எடையுள்ள வண்டியைப் பெண்களும் முதியவர்களும் மெல்ல மிதித்து நிறுத்த முடிவது இதனால்தான். ஹோஸிலோ, அதன் வழியில் உள்ள ஒருவழி வால்விலோ, பூஸ்டர் திரையிலோ கசிவு இருந்தால் இந்த உதவி குறையும்.

சமவெளியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பலமாக பிரேக் பிடிப்போம். இடையில் பூஸ்டர் மறுபடியும் நிரம்பிக்கொள்ளும். குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், இடையில் கணக்கற்ற சிறு வளைவுகள். ஒன்றின் பின் ஒன்றாக மிதிக்கும்போது கசியும் பூஸ்டர் நிரம்ப அவகாசம் இல்லை. முதல் இரண்டு மிதி சரியாக இருக்கும், மூன்றாவதோ நான்காவதோ கட்டையை மிதித்த மாதிரி இருக்கும். ஊருக்குள் ஓட்டிப் பார்த்து ‘பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று மேலே போனவர் ஏமாறுவது இங்கேதான்.

உயரமும் ஒரு காரணம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,070 அடி, ஊட்டி சுமார் 7,350 அடி. ஊட்டியில் காற்றழுத்தம் நமதூரில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் வாக்குவம் குறையும். இங்கே 19 காட்டும் கேஜ் அங்கே 13 அளவில்தான் நிற்கும். கசிவே இல்லாத வண்டிக்கும் மேலே பூஸ்டர் உதவி குறைவு என்றால், கசியும் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய ரயில்களிலும் வாக்குவம் பிரேக்தான் இருந்தது. ஆனால் அங்கே ஏற்பாடு தலைகீழ். ரயிலில் ஹோஸ் அறுந்து வாக்குவம் போனால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். 1899 முதல் குன்னூருக்கு ஏறும் நம் மலை ரயிலில் அதற்கு மேலும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். காரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. வாக்குவம் போனால் உதவிதான் போகும், எச்சரிக்கை எதுவும் வராது.

பூஸ்டரைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. வீட்டு வாசலில், சமமான இடத்தில், ஹேண்ட் பிரேக் போட்டுச் செய்யலாம். என்ஜினை அணைத்த நிலையில் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், இறுகிவிடும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வாக்குவம் போகவில்லை, அல்லது பூஸ்டரே பழுது. அடுத்து, இரண்டு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணையுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து மிதியுங்கள். முதல் மிதி மென்மையாக ஆழம் போக வேண்டும், இரண்டாவதும் மூன்றாவதும் படிப்படியாக இறுக வேண்டும். முதல் மிதியே கட்டையாக இருந்தால் சேமித்த வாக்குவம் எங்கோ கசிந்துவிட்டது. பெரும்பாலும் அந்த ஒருவழி வால்வோ ஹோஸோதான்.

டீசல் வண்டிக்காரர்கள் இது தங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். டீசல் என்ஜினில் மேனிஃபோல்டு வாக்குவம் போதாது என்பதால் தனி வாக்குவம் பம்ப் வைத்திருப்பார்கள். பம்ப் தேய்ந்தாலும் ஹோஸ் கசிந்தாலும் ஐடிலில் எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம், பிரேக் மட்டும் கட்டையாகும். அவர்களுக்கு வாசலில் செய்யும் சோதனை இன்னும் அவசியம்.

பழுது பார்ப்பதில் பெரும்பகுதி மலிவான வேலை. கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க மேனிஃபோல்டுக்குள் புகை விட்டுப் பார்ப்பது சிறந்த வழி. புகைக் கருவி இல்லாத பட்டறையில் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து, எதை அடைக்கும்போது துடிப்பு நிற்கிறது என்று பார்ப்பார்கள். சூடான என்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துத் தேடுவோரும் உண்டு. அது எளிதில் தீப்பிடிக்கும் திரவம், வீட்டில் செய்யவே கூடாது. வெடித்த ஹோஸை இன்சுலேஷன் டேப் சுற்றியோ எம்-சீல் பூசியோ ஓட்ட வேண்டாம்; சூட்டில் இளகிவிடும். தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டினால் உறிஞ்சலில் சப்பையாகி அடைத்துக்கொள்ளும். அந்த வண்டிக்குரிய ஹோஸையே வாங்குங்கள். ஒருவழி வால்வில் அம்புக்குறி இருந்தால் அது என்ஜின் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் பூஸ்டர் வேலை செய்யாது. பூஸ்டர் திரையே கிழிந்திருந்தால் பெட்டியை முழுதாக மாற்றுவதே சரி. அதில் மட்டும் செலவு கூடும், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

‘கசிவோடு ஓட்டலாமா?’ என்று கேட்பவர்களுக்கு: ஐடில் மட்டும் துடிக்கிறது, பிரேக் சோதனையில் குறையில்லை என்றால் பட்டறை வரை நிதானமாகப் போகலாம், மலைக்கு வேண்டாம். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும், ஓட்டக் கூடாது. பெடல் கட்டையாக இருந்தால் பட்டறைக்காரரை வீட்டுக்கு அழையுங்கள்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், என்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுவதும் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. என்ஜின் அணைந்தால் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வாக்குவம் மிஞ்சும். மிச்சம் என்ற கணக்கும் தவறு. இன்ஜெக்ஷன் என்ஜினில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோல் ஏறக்குறைய முழுதும் நின்றுவிடும். நியூட்ரலில் ஐடிலுக்காக எரிந்துகொண்டே இருக்கும். செகண்ட் கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடிக்கும், திராட்டில் மூடியிருப்பதால் வாக்குவமும் உச்சத்தில் இருக்கும்.

இறங்கும்போதே பெடல் கட்டையானால் பதற வேண்டாம். பிரேக் ஆயில் வழி அப்படியே இருக்கிறது, உதவிதான் இல்லை. என்ஜினை அணைக்காமல், திரும்பத் திரும்ப மிதிக்காமல், இரண்டு கால்களாலும் ஒரே அழுத்தமாக மிதியுங்கள். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர் பக்கம் ஒதுங்குங்கள். கருகிய வாடையும் சேர்ந்து வந்தால் அது பேடு சூடேறியதால் வந்த கோளாறு. பெடல் மெத்தென்று உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. இரண்டுக்கும் வண்டியை நிறுத்தி, நன்றாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு வேன் பேசும் குடும்பங்களும் டிரைவர் தம்பியிடம் முதல் நாளே சொல்லி, புறப்படும் முன் அந்த ஸ்டார்ட் சோதனையைச் செய்து காட்டச் சொல்லலாம். அரை நிமிடம் ஆகும். செய்ய மறுப்பவரிடம் வாடகை குறைவு என்பதற்காக வண்டி பேச வேண்டாம்.